ஆங்கிலோ இந்தியரும் இரண்டு உலகப் போர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூர், பல்லாவரம், பொன்மலை, போத்தனூர், ஜோலார்பேட்டை போன்ற இடங்களில் வளர்ந்தவர்களுக்கு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் புதியவை அல்ல. ஆனால் அந்தக் குடும்பங்களின் வரலாற்றை இரண்டு உலகப் போர்கள் எந்த அளவுக்குத் திசைதிருப்பின என்பது தமிழில் அதிகம் எழுதப்படவில்லை. இது குறித்து வழக்கமாக எழும் கேள்விகளுக்கான விடைகள் கீழே தரப்பட்டுள்ளன.

ஆங்கிலோ இந்தியர் என்று யாரைச் சொல்கிறோம்?

தந்தைவழி முன்னோருள் ஒருவரேனும் ஐரோப்பிய மரபினராக இருந்து, தாம் இந்தியாவையே பிறப்பிடமாகவும் வாழ்விடமாகவும் கொண்டவர்களை 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் ஆங்கிலோ இந்தியர் என்று வரையறுத்தது. நம் அரசியலமைப்பின் 366ஆம் பிரிவும் ஏறக்குறைய இதே வரையறையை ஏற்றுக்கொண்டது. எனவே போர்ச்சுகீசிய, டச்சு, பிரெஞ்சு வழிவந்தவர்களும் இதற்குள் அடங்குவர். தமிழ்நாட்டில் இவர்களைச் சட்டைக்காரர் என்று அழைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1911ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு முன்னர் அரசு ஆவணங்கள் இவர்களை யூரேசியர் என்றே குறித்தன. இந்தியாவில் பணிபுரிந்த ஆங்கிலேயர்களுக்கே ஆங்கிலோ இந்தியர் என்ற பெயர் வழங்கிவந்தது. பழைய நூல்களைப் படிப்பவர்கள் இந்த வேறுபாட்டை நினைவில் வைக்காவிட்டால் யாரைப் பற்றிப் பேசப்படுகிறது என்பதே குழம்பிவிடும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 1.4 லட்சம். முப்பத்தெட்டுக் கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நாட்டில் இது மிகச் சிறிய தொகை.

போருக்கு முன்பே இவர்கள் இராணுவத்தோடு தொடர்புடையவர்களாக இருந்தார்களா?

இருந்தார்கள், விலக்கப்பட்டும் இருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி தன் வீரர்களின் கலப்பு மணத்தை ஒரு காலத்தில் ஊக்குவித்தது. பின்னர் அந்த மணங்களில் பிறந்த பிள்ளைகளின் எண்ணிக்கை பெருகியதும் அஞ்சத் தொடங்கியது. கல்கத்தாவின் இராணுவ அநாதை விடுதியில் வளர்ந்த பிள்ளைகள் மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்வதற்கு 1786இல் தடை வந்தது. 1791இல் கலப்பு மணப் பிள்ளைகள் அனைவரும் கம்பெனியின் சிவில், இராணுவ, கடற்பணிகளின் உயர் பதவிகளிலிருந்து விலக்கப்பட்டனர். 1795இல் வந்த ஆணை, இருபுறமும் ஐரோப்பியப் பெற்றோர் இல்லாதவர்கள் படையில் குழலூதுவோர், முரசறைவோர், லாடமடிப்போர் ஆகிய பணிகளில் மட்டுமே இருக்கலாம் என்றது.

இந்தத் தடைகளால் வேலையிழந்தவர்கள் பலர் மராட்டியர், நிஜாம் போன்ற அரசர்களின் படைகளில் சேர்ந்தனர். ஸ்காட்லாந்துத் தந்தைக்கும் ராஜபுத்திரத் தாய்க்கும் பிறந்த ஜேம்ஸ் ஸ்கின்னர் மராட்டிய மன்னர் சிந்தியாவின் படையில் பணியாற்றியவர். 1803இல் அவரைக் கம்பெனியே அழைத்துக்கொள்ள, அவர் திரட்டிய குதிரைப்படை இன்றும் இந்திய இராணுவத்தில் ஸ்கின்னர்ஸ் ஹார்ஸ் என்ற பெயரோடு தொடர்கிறது. தேவைப்படும்போது அழைப்பதும் தேவை தீர்ந்ததும் தள்ளிவைப்பதுமான இந்தப் போக்கு இருபதாம் நூற்றாண்டின் இரண்டு போர்களிலும் மீண்டும் வெளிப்பட்டதால்தான் இதை இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது.

முதல் உலகப் போரில் இவர்களின் பங்கு என்ன?

1914இல் போர் தொடங்கியபோது, ஆங்கிலோ இந்தியர் என்ற பெயரில் வழக்கமான படைப்பிரிவு எதுவும் இல்லை. இந்திய இராணுவத்தின் படைப்பிரிவுகள் சாதி, இன அடிப்படையில் ஆளெடுத்தன; அந்தப் பட்டியலில் இவர்களுக்கு இடமில்லை. பிரிட்டிஷ் படைப்பிரிவில் சேர ஐரோப்பியர் என்று காட்டிக்கொள்ள வேண்டும். வெளிர்நிறத் தோலும் ஆங்கிலப் பெயரும் கொண்ட இளைஞர்கள் பலர் அவ்வாறே சேர்ந்தனர். அண்ணன் பிரிட்டிஷ் படையில் ஏற்கப்பட, சற்றுக் கருத்த தம்பி திருப்பி அனுப்பப்பட்ட நிலை ஒரே குடும்பத்துக்குள்ளேயே ஏற்பட வழியிருந்தது. 1916இல்தான் அரசு ஆங்கிலோ இந்தியப் படை என்ற பெயரில் தனி அமைப்பைத் தொடங்கியது. போர் முடிந்ததும் அது கலைக்கப்பட்டது.

அதற்கு முன்பே இவர்கள் போர்முனையில் இருந்தார்கள் என்பதற்கு மெசொப்பொட்டேமியா சான்று. இன்றைய ஈராக்கில் டைகிரிஸ் நதிக்கரையிலுள்ள குட் நகரை 1915 டிசம்பரில் துருக்கியப் படை முற்றுகையிட்டது. உள்ளே அகப்பட்டிருந்த பிரிட்டிஷ் ஜெனரல் டவுன்ஷெண்டின் படையில், இந்தியாவிலிருந்து ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியத் தொண்டர்களைக் கொண்டு அமைக்கப்பட்ட ஒரு பீரங்கிப் பிரிவும் இருந்தது. உணவு தீர்ந்து, குதிரைகளைக் கொன்று உண்ட பின், 1916 ஏப்ரல் 29 அன்று நகரம் சரணடைந்தது. அதன்பின் சிறைப்பட்டவர்கள் பாலைவனத்தின் வழியே நடத்திச் செல்லப்பட்டதில் மிகப் பெரும் எண்ணிக்கையினர் மாண்டனர்.

அதிகம் பேசப்படாத இன்னொரு பிரிவினர் இராணுவ உதவி மருத்துவர்கள். இந்திய மருத்துவத் துறையில் பிரிட்டிஷ் துருப்புகளுக்குச் சிகிச்சையளித்த இந்த உதவி சர்ஜன்களில் பெரும்பாலோர் ஆங்கிலோ இந்தியர். மருத்துவம் படித்திருந்தும் முழு அதிகாரிக்குரிய பதவி இவர்களுக்கு எளிதில் வாய்க்கவில்லை. இச்சமூகத்தின் தலைவராகப் பின்னாளில் உயர்ந்த சர் ஹென்றி கிட்னியும் இராணுவ மருத்துவரே. ஆனால் அவர் உயர்நிலைப் பணியான இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்தவர்.

முதல் போரில் சென்னை நேரடியாகத் தாக்கப்பட்டது அல்லவா?

ஆம். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பலான எம்டன் துறைமுகத்தை ஒட்டிய பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. அன்றைய துறைமுகம், சுங்கம், தந்தி, ரயில்வே ஆகிய துறைகளின் இடைநிலைப் பணிகளில் ஆங்கிலோ இந்தியர் நிறைந்திருந்தார்கள் என்பதால், போர் அவர்களுக்குத் தொலைதூரச் செய்தியாக இருக்கவில்லை. இதற்கு மேல் எம்டனுக்கும் இச்சமூகத்துக்கும் தனித்த தொடர்பு எதையும் கற்பிக்கத் தேவையில்லை.

துணைப்படை என்பது என்ன? அதில் சேருவது கட்டாயமா?

1920இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் துணைப்படை உருவாக்கப்பட்டது. இது முழுநேர இராணுவம் அன்று. வேலையில் இருந்துகொண்டே பயிற்சி பெறும் பகுதிநேரப் படை. ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் மட்டுமே இதில் சேரலாம். சட்டப்படி இது தன்விருப்பச் சேவை என்றாலும், ரயில்வேயில் வேலைக்குச் சேரும் ஆங்கிலோ இந்தியர் பலருக்குத் துணைப்படை உறுப்பினராவது பணி நிபந்தனைகளுள் ஒன்றாகவே இருந்தது. சென்னை மாகாணத்தில் இயங்கிய மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேக்கும் தென்னிந்திய ரயில்வேக்கும் சொந்தமாகத் துணைப்படைப் பிரிவுகள் இருந்தன. ஷெட்டில் பகலெல்லாம் வேலை செய்துவிட்டு மாலையில் அணிவகுப்புக்குச் செல்வது ரயில்வே காலனிகளின் வழக்கம்.

இந்தப் படையின் முதன்மைப் பணி உள்நாட்டுப் பாதுகாப்பு: வேலைநிறுத்தம் நடந்தால் ரயிலை ஓட்டுவது, பாலங்களையும் நிலையங்களையும் காப்பது. 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கம் வெடித்து, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு, தந்திக் கம்பிகள் அறுக்கப்பட்டபோது, அவற்றைக் காத்தவர்களிலும் பழுதுபார்த்தவர்களிலும் இவர்கள் முன்னணியில் இருந்தனர். அண்டை வீட்டாரின் கண்ணில் இவர்கள் ஆங்கிலேயரின் பக்கம் நின்றவர்களாகப் பதிந்ததற்கு, போர்முனைச் சேவையைவிட இந்தக் காவல் பணியே பெரிய காரணம் என்பது என் கணிப்பு. அதே வேளையில், வேலையை இழக்காமல் அதை மறுக்கும் வாய்ப்பு எத்தனை பேருக்கு இருந்தது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் எத்தனை ஆங்கிலோ இந்தியர் பணியாற்றினர்?

ஒரு எண்ணைச் சொல்லும் கட்டுரைகள் இணையத்தில் பல உள்ளன. அவற்றை நம்பி மேற்கோள் காட்ட வேண்டாம் என்பதே என் அறிவுரை. எண்ணுவதற்கு முறையான வழியே இருக்கவில்லை. பிரிட்டிஷ் படைப்பிரிவில் சேர்ந்தவர் பிரிட்டிஷ்காரராகவே பதிவானார். அவசரகால அதிகாரப் பதவி பெற்று இந்திய இராணுவத்தில் சேர்ந்தவர் சில இடங்களில் இந்தியராகவும் சில இடங்களில் ஐரோப்பியராகவும் கணக்கிடப்பட்டார். சட்டத்தின் நோக்கில் இவர்கள் வேலைவாய்ப்புக்கு இந்தியக் குடிகள். தற்காப்புக் கடமைக்கும் சில வகை நீதிமன்ற உரிமைகளுக்கும் ஐரோப்பியப் பிரிட்டிஷ் குடிகள். இந்த இரட்டை நிலையைக் கிட்னி சட்டமன்றத்திலும் இலண்டன் வட்டமேசை மாநாட்டிலும் பலமுறை எடுத்துச் சொல்லியிருந்தார்.

எண்ணிக்கை இல்லாவிட்டாலும் பரப்பு தெளிவாகவே தெரிகிறது. தரைப்படை, ராயல் இந்தியக் கடற்படை, இந்திய விமானப்படை, பிரிட்டனின் ராயல் ஏர் ஃபோர்ஸ், சிக்னல் படை, இராணுவ மருத்துவமனைகள் என எல்லா இடங்களிலும் இவர்கள் இருந்தனர். ஆங்கிலம் தாய்மொழி, பள்ளியிலேயே கேடட் பயிற்சி, இயந்திரங்களோடும் தந்தியோடும் பழக்கம் ஆகிய மூன்றும், விரைவாகப் பெருகிக்கொண்டிருந்த ஒரு படைக்கு உடனடியாகத் தேவைப்பட்ட தகுதிகள்.

கை கிப்சனும் லீஃப் ராபின்சனும் ஆங்கிலோ இந்தியரா?

முதல் போரில் இங்கிலாந்தின் வானில் ஜெர்மன் வான்கப்பலை வீழ்த்தி, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற வில்லியம் லீஃப் ராபின்சன் குடகில் பிறந்தவர். 1943 மே மாதம் ஜெர்மனியின் அணைகளைத் தகர்த்த விமானத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கி அதே விருதைப் பெற்ற கை கிப்சன் 1918இல் சிம்லாவில் பிறந்தவர். இச்சமூகத்தின் பெருமைப் பட்டியல்களில் இருவர் பெயரும் இடம்பெறுவதுண்டு. இந்தியாவில் பிறந்தது உறுதியான செய்தி; ஆனால் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொருளில் ஆங்கிலோ இந்தியர் என்று நிறுவ அது போதாது. இந்தியாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் குடும்பங்களின் பிள்ளைகளும் இங்கேதான் பிறந்தனர். புகழ்பெற்ற இரண்டு பெயர்களுக்காக வாதாடுவதைவிட, பெயர் தெரியாத சிக்னல்காரர்களையும் செவிலியரையும் பற்றி எழுதுவது பயனுள்ளது.

போருக்கும் ரயில்வேக்கும் இவ்வளவு தொடர்பு ஏன் சொல்லப்படுகிறது?

என்னைக் கேட்டால், இச்சமூகத்தின் போர்ப் பங்களிப்பைத் தேட வேண்டிய முதல் இடம் ரயில்வேதான். மெயில் வண்டி டிரைவர், கார்டு, லோகோ ஃபோர்மேன், ஸ்டேஷன் மாஸ்டர், தண்டவாளப் பராமரிப்பைக் கவனிக்கும் நிரந்தர வழி இன்ஸ்பெக்டர், கண்ட்ரோலர் ஆகிய பணிகள் தலைமுறை தலைமுறையாக இவர்களிடம் இருந்தன. 1935ஆம் ஆண்டுச் சட்டமும் ரயில்வே, அஞ்சல் தந்தி, சுங்கம் ஆகிய துறைகளில் இவர்களின் வேலைப் பங்குக்குப் பாதுகாப்பளித்தது.

போர் தொடங்கியதும் இந்திய ரயில்வேயின் மீது விழுந்த சுமை இரண்டு வகையானது. முதலாவது, இருந்ததைப் பிடுங்கிக்கொண்டது. மத்தியக் கிழக்குப் போர்முனைக்காக இன்ஜின்களும் வண்டிகளும் தண்டவாளங்களும் கப்பலேற்றப்பட்டன. வருவாய் குறைந்த கிளைப் பாதைகள் பல பெயர்த்தெடுக்கப்பட்டன. மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் செல்லும் பாதை அவ்வாறு 1942இல் பெயர்க்கப்பட்டு, 1950களில்தான் மீண்டும் போடப்பட்டது. ஷோரனூர்–நிலம்பூர் பாதையும் அதே கதியை அடைந்தது. இரண்டாவது, எஞ்சியதைக் கொண்டு முன்னெப்போதும் இல்லாத அளவு போக்குவரத்தை நடத்த வேண்டியிருந்தது. ஜப்பானியக் கடற்படை வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்தபின் கடலோரக் கப்பல் போக்குவரத்து சுருங்கியது. நிலக்கரியும் தானியமும் துருப்புகளும் ரயிலையே நம்பின. அசாமின் எல்லை வரை சென்ற மீட்டர் கேஜ் பாதை, பர்மாப் போர்முனைக்கும் சீனாவுக்கான விமானப் போக்குவரத்துக்கும் சரக்கு சேர்க்கும் ஒரே இரும்புப் பாதையாக இருந்தது. 1944 மார்ச் முதல் அதன் முக்கியப் பகுதியை அமெரிக்க இராணுவ ரயில்வேப் பிரிவுகள் ஏற்று நடத்தின என்றாலும், அதற்கு முன்னும் அதோடு இணைந்தும் அங்கே உழைத்த இந்திய, ஆங்கிலோ இந்திய ஊழியரின் பெயர்கள் போர் வரலாற்று நூல்களில் பெரும்பாலும் காணப்படுவதில்லை.

தமிழ்நாட்டில் திருச்சிக்கு அருகிலுள்ள பொன்மலைப் பணிமனை, ரயில் பெட்டிகளோடு ராயல் ஏர் ஃபோர்ஸின் விமானங்களையும் பழுதுபார்த்தது. நாட்டின் பிற ரயில்வேப் பணிமனைகள் பலவும் வெடிகுண்டு உறைகளும் கருவிகளும் செய்யும் தொழிற்சாலைகளாக மாறின. 1942 ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தபின், ஜப்பானியர் வரப்போகிறார்கள் என்ற அச்சத்தில் சென்னை நகரம் காலியானது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. அந்த நாட்களில் சென்ட்ரலிலும் எழும்பூரிலும் திரண்ட கூட்டத்தை வெளியூர்களுக்கு ஏற்றிச் சென்ற வண்டிகளின் ஃபுட்பிளேட்டில், அதாவது இன்ஜின் ஓட்டுவோர் நிற்கும் மேடையில், நின்றவர்கள் நகரத்தை விட்டுச் செல்ல முடியாதவர்கள். ரயில்வே ஊழியர் படையில் சேர விரும்பினாலும், அவசியப் பணி என்ற காரணத்தால் பலர் விடுவிக்கப்படவில்லை. ஆகவே பதக்கப் பட்டியல்களை மட்டும் வைத்து இச்சமூகத்தை அளப்பவர்கள் பாதியைக் காணாமலே விட்டுவிடுகிறார்கள்.

பெண்களின் பங்கு என்ன?

ஆண்களின் பங்கைக் காட்டிலும் இது தெளிவாகப் புலப்படுவது. 1942இல் தொடங்கப்பட்ட இந்தியப் பெண்கள் துணைப்படை, உச்ச நிலையில் சுமார் 11,000 பேரைக் கொண்டிருந்தது. அதில் ஆங்கிலோ இந்தியப் பெண்கள், நாட்டின் மக்கள்தொகையில் தங்கள் சமூகத்துக்கு இருந்த விகிதத்தோடு ஒப்பிடவே முடியாத அளவு பெரும் பங்கு வகித்தனர். தட்டச்சு, தொலைபேசி இணைப்பகம், சங்கேதச் செய்திகளைக் கையாளுதல், இராணுவ வாகனம் ஓட்டுதல், கிடங்குக் கணக்கு முதலியவை இவர்களின் பணிகள். கடற்படைக்கெனத் தனிக் கிளையும் இதிலிருந்து உருவானது. சீருடையாகக் காக்கிப் பாவாடையையோ சேலையையோ தேர்ந்துகொள்ளலாம் என்பது விதி.

இவர்கள் ஏன் இவ்வளவு எளிதாக முன்வந்தனர் என்பதற்கு வீரம், விசுவாசம் என்று மட்டும் விடை சொல்வது நிறைவளிக்காது. பிற இந்தியச் சமூகங்களின் நடுத்தரக் குடும்பங்களில் பெண் வீட்டுக்கு வெளியே சென்று ஊதியம் ஈட்டுவது அரிதாக இருந்த காலத்தில், ஆங்கிலோ இந்தியப் பெண்கள் ஏற்கெனவே தொலைபேசி நிலையங்களிலும் வணிக நிறுவனங்களிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் பணிபுரிந்துகொண்டிருந்தனர். குறிப்பாகச் செவிலியர் பணி, இந்தியக் கிறிஸ்தவப் பெண்களும் இவர்களும் ஏறக்குறைய முழுவதுமாகத் தாங்கி நின்ற துறை. ஆகவே போர் அவர்களை வீட்டிலிருந்து வெளியே அழைத்துவரவில்லை. வேலையின் இடத்தையும் ஊதியத்தையும் மாற்றியது. இராணுவ மருத்துவமனைகளில் பர்மாப் போர்முனையிலிருந்து மலேரியாவோடும் வயிற்றுக்கடுப்போடும் வந்து குவிந்தவர்களின் எண்ணிக்கை, குண்டுக்காயம் பட்டவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அந்த ஓயாத உழைப்புக்குப் பதக்கங்கள் குறைவு.

போர்க்காலக் கல்கத்தாவில் ஆயிரக்கணக்கான அமெரிக்க, பிரிட்டிஷ் வீரர்கள் தங்கியிருந்தபோது, நடன அரங்குகளையும் அங்கு சென்ற பெண்களையும் பற்றி இழிவான பேச்சுகள் உலவின. அவற்றுள் பெரும்பகுதி, ஆண்களோடு கைகோத்து ஆடுவதை ஏற்காத சமூகங்கள் கட்டிய கதை. திருமணங்களும் நிகழ்ந்தன, ஆனால் அமெரிக்க வீரர் மணம் முடிக்க மேலதிகாரியின் அனுமதி தேவைப்பட்டது, அது இனம் பார்த்து மறுக்கப்படவும் முடிந்தது.

1942இல் பர்மாவில் நடந்தது என்ன?

இச்சமூகம் போரில் அடைந்த துயரங்களுள் மிகப் பெரியது இதுவே. பர்மா 1937இல் இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்ட பின்னரும், அங்கே ரயில்வே, தந்தி, சுங்கம், எண்ணெய்க் கிணறுகள், மரக் கம்பெனிகள் ஆகியவற்றில் ஆங்கிலோ இந்தியரும், பர்மியத் தாய்வழியில் வந்த ஆங்கிலோ பர்மியரும் பெருமளவில் இருந்தனர். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது குண்டுகள் விழுந்தன. கிறிஸ்துமஸ் நாளிலும் மீண்டும் விழுந்தன. 1942 மார்ச் 8 அன்று நகரம் ஜப்பானியர் வசமானது.

அதன்பின் தொடங்கிய வெளியேற்றத்தில் இந்தியாவை நோக்கிச் சென்றவர்கள் பல லட்சம். அரக்கான் மலைகளைக் கடந்து சிட்டகாங் நோக்கி ஒரு வழி. பர்மாவின் சிந்த்வின் (Chindwin) ஆற்றைக் கடந்து தாமு வழியாக இம்பாலுக்கு ஒரு வழி. மே மாதம் மிச்சினா விமானத்தளமும் வீழ்ந்தபின், ஹுகாங் பள்ளத்தாக்கின் வழியே அசாமின் லேடோவுக்குச் சென்ற மிகக் கொடிய மூன்றாவது வழி. பருவமழையில் சேறு முழங்காலைத் தொட, அட்டைகளும் காலராவும் பட்டினியும் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றன. இதே பாதைகளில் பர்மாவின் தமிழர்களும் நடந்தார்கள் என்பது தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததே. செட்டிநாட்டிலும் இராமநாதபுரத்திலும் அந்த நடையின் கதை இல்லாத ஊர் குறைவு.

ஐரோப்பியருக்கு வசதியான வழியும் முகாமும், இந்தியருக்கு வேறு வழியும் ஒதுக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. வெள்ளையர் பாதை, கறுப்பர் பாதை என்ற சொற்கள் இந்தியச் செய்தித்தாள்களில் அடிபட்டன. அந்தப் பாகுபாட்டில் ஆங்கிலோ இந்தியர் எந்தப் பக்கம் நிறுத்தப்பட்டனர் என்பது உடை, பெயர், நிறம், வாசலில் நின்ற அதிகாரியின் மனநிலை ஆகியவற்றைப் பொறுத்தது. வெளியேற முடியாமல் அங்கேயே தங்கியவர்கள் ஜப்பானிய ஆட்சியின் ஐயத்துக்கு ஆளாகினர்.

இந்தி திரையுலகின் புகழ்பெற்ற நடனக் கலைஞர் ஹெலன் இந்தத் தலைமுறையின் பிள்ளை. 1938இல் ரங்கூனில் ஆங்கிலோ இந்தியத் தந்தைக்கும் பர்மியத் தாய்க்கும் பிறந்த அவர், போரில் தந்தையை இழந்து, தாயோடு நடந்தே அசாம் வந்து, பின்னர் பம்பாயில் குடியேறினார்.

எல்லாரும் பிரிட்டிஷ் தரப்பில்தான் நின்றார்களா?

இல்லை. சிரில் ஜான் ஸ்ட்ரேசி இதற்கு மறுக்க முடியாத சான்று. பஞ்சாப் படைப்பிரிவு ஒன்றில் அதிகாரியாக மலாயாவில் போரிட்டுச் சிறைப்பட்ட இந்த ஆங்கிலோ இந்தியர், இந்தியத் தேசிய இராணுவத்தில் சேர்ந்து கர்னல் நிலைக்கு உயர்ந்தார். சிங்கப்பூர்க் கடற்கரையில் அந்த இராணுவத்தின் மாண்ட வீரர்களுக்கான நினைவுச் சின்னத்துக்கு 1945 ஜூலை 8 அன்று சுபாஷ் சந்திர போஸ் அடிக்கல் நாட்டியபோது, அதைக் கட்டி முடிக்கும் பொறுப்பு ஸ்ட்ரேசியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஜப்பான் சரணடைந்த நாட்களிலும் வேலை நிற்காமல் நடந்து சின்னம் எழுந்தது. செப்டம்பரில் திரும்பிவந்த பிரிட்டிஷார் அதை வெடிவைத்துத் தகர்த்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து அந்த இராணுவத்தில் சேர்ந்த தமிழர்கள் எண்ணற்றவர் என்பதால், அவர்களுக்கும் உரிய ஒரு நினைவிடத்தைக் கட்டியவர் ஆங்கிலோ இந்தியர் என்ற செய்தி இங்கே இன்னும் பரவலாக அறியப்பட வேண்டியது. விடுதலைக்குப் பின் அவர் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். தமிழ்நாடு காவல்துறையின் தலைமைப் பொறுப்பை வகித்த எரிக் ஸ்ட்ரேசி அவருடைய சகோதரர்.

அவர் சமூகத்தின் பெரும்பான்மைக்குப் பிரதிநிதி அல்லர் என்பதும் உண்மை. பெரும்பான்மையினர் அரசரின் பக்கமே நின்றனர்.

சமூகத்தின் தலைமை போரை எப்படிப் பார்த்தது?

கிட்னி 1942 மே மாதம் காலமானார். அவருக்குப் பின் அகில இந்திய ஆங்கிலோ இந்தியச் சங்கத்தின் தலைமையை ஏற்ற ஃபிராங்க் ஆண்டனி, ஜபல்பூரைச் சேர்ந்த வழக்கறிஞர். மத்தியச் சட்டமன்றத்திலும் போர்க்காலத் தேசியப் பாதுகாப்புக் குழுவிலும் இடம்பெற்றவர். படையில் ஆங்கிலோ இந்தியருக்குப் பாகுபாடற்ற பதவியும் ஊதியமும் வேண்டும் என்று வற்புறுத்திக்கொண்டே, சமூகத்தால் ஆங்கிலோ இந்தியர், நாட்டால் இந்தியர் என்ற நிலைப்பாட்டைத் தம் மக்களிடம் அழுத்தமாக எடுத்துச் சென்றார். அது அப்போது எல்லாராலும் வரவேற்கப்பட்ட கருத்து அன்று.

போரில் காட்டிய விசுவாசம் அரசியலில் மதிக்கப்படும் என்ற எதிர்பார்ப்பு 1946இல் உடைந்தது. அதிகார மாற்றம் குறித்துப் பேச பிரிட்டன் அனுப்பிய அமைச்சரவைத் தூதுக்குழுவின் திட்டத்தில் இச்சமூகத்துக்கென இடம் எதுவும் ஒதுக்கப்படவில்லை. காங்கிரசின், குறிப்பாகச் சர்தார் பட்டேலின், ஒத்துழைப்பால்தான் ஆண்டனி உள்ளிட்டோர் அரசியல் நிர்ணய சபைக்குள் நுழைந்தனர். இலண்டன் கைவிட்டதையும் டெல்லி இடம் கொடுத்ததையும் ஆண்டனி வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மெக்லஸ்கிகஞ்சின் வீழ்ச்சிக்கும் போருக்கும் தொடர்பு உண்டா?

ஓரளவு உண்டு. இன்றைய ஜார்க்கண்டில், ராஞ்சிக்கு வடமேற்கே, 1933இல் எர்னஸ்ட் திமோத்தி மெக்லஸ்கி தொடங்கிய இந்தக் குடியிருப்பு, ஆங்கிலோ இந்தியருக்கென ஒரு சொந்த நிலம் என்ற கனவில் எழுந்தது. நிலம் வாங்கியவர்களில் பலர் ஓய்வுபெற்றவர்கள். தண்ணீரும் தொழிலும் போதவில்லை. உழைக்கும் வயதினரைப் போர் அழைத்துச் சென்றது. திரும்பியவர்களுக்கு அங்கே வேலை இல்லை. பின்னர் வந்த வெளிநாட்டுக் குடியேற்றம் எஞ்சியதையும் கரைத்தது. போர் நடந்திராவிட்டாலும் அது நெடுங்காலம் தழைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

போருக்குப் பின் ஏன் இவ்வளவு பேர் வெளியேறினர்?

விடுதலைக்குப் பிந்தைய அச்சம் முதன்மைக் காரணம். ஆனால் போர் அதற்கு வழியமைத்தது. வெளிநாட்டில் பணியாற்றிவிட்டு வந்தவர்களுக்கு உலகம் பழகியிருந்தது. படைகள் கலைக்கப்பட்டதால் வேலை போனது. ரயில்வேயில் போர்க்காலத்தில் சேர்ந்தவர்கள் மிகையாயினர். ரயில்வே போன்ற துறைகளில் இவர்களுக்கு இருந்த வேலை ஒதுக்கீடு அரசியலமைப்பின் 336ஆம் பிரிவின்படி இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை பத்து விழுக்காடு குறைக்கப்பட்டு, பத்தாண்டுகளில் முடிவுக்கு வரும் என்பதும் தெரிந்திருந்தது.

1947 ஆகஸ்டில் ஆஸ்திரேலியக் கடற்படைக் கப்பலான மனூரா, பம்பாயிலிருந்து எழுநூற்றுக்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிரீமாண்டிலை அடைந்தது. பிரிட்டிஷ் குடிமக்களை எதிர்பார்த்திருந்த ஆஸ்திரேலிய அதிகாரிகள், வந்திறங்கியவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலோ இந்தியர் என்பதைக் கண்டு விதிகளை இறுக்கினர். பிரிட்டனுக்குச் செல்ல விரும்பியோர், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் தந்தைவழிப் பாட்டனார் பிரிட்டிஷார் என்பதைச் சான்றிதழ்களோடு நிறுவ வேண்டியிருந்தது. சீருடை அணிந்து போரிட்டபோது யாரும் கேட்காத பாட்டனாரைத் தேடிப் பலர் தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டினர். இந்தியாவிலேயே தங்கியவர்களுக்கென நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் இருந்த நியமன இடங்கள் 2020 ஜனவரியோடு முடிவுக்கு வந்தன.

என் குடும்பத்து முன்னோர் ஒருவர் போரில் பணியாற்றினார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கே தேடுவது?

உயிரிழந்தவராயின், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைக் கொண்டு கட்டணமின்றித் தேடலாம். சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறையையும் இந்த ஆணையமே பராமரிக்கிறது. முதல் போரில் இறந்து வேறிடங்களில் அடக்கம் செய்யப்பட்டவர்களின் பெயர்களும் அங்குள்ள நினைவுச் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன.

உயிரோடு திரும்பியவராயின் தேடல் சற்று நீளும். அவர் பிரிட்டிஷ் படையிலா இந்தியப் படையிலா துணைப்படையிலா சேர்ந்தார் என்பதை முதலில் அறிய வேண்டும். மூன்றின் ஆவணங்களும் வெவ்வேறு இடங்களில் உள்ளன. இந்திய இராணுவ அதிகாரிகளின் பணிப் பதிவேடுகள் இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணப் பிரிவிலும், பிரிட்டிஷ் படையினரின் ஆவணங்கள் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்திலும் கிடைக்கக்கூடும். சென்னை மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகளும் இந்திய அலுவலக ஆவணங்களில் உள்ளன. வீட்டில் பழைய பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள்: முதல் போர்ப் பதக்கங்களில் பெயரும் எண்ணும் பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும்; இரண்டாம் போரின் நட்சத்திரப் பதக்கங்களைப் பிரிட்டிஷ் அரசு பெயர் பொறிக்காமலே வழங்கியது. ரயில்வேயில் இருந்தவராயின், பணிப் பதிவேட்டில் துணைப்படை உறுப்பினர் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது; இராணுவ ஆவணம் எதுவும் அகப்படாத நிலையில் அந்த ஒரு வரியே அவருடைய பிரிவின் பெயரைக் காட்டிக்கொடுக்கலாம்.